சொல்லி முடிக்கும் இடம்

கூடுவாஞ்சேரியில் வண்டி ஏறும்போதே பாட்டு உள்ளே ஓடத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி மின்சார ரயில், பெண்கள் பெட்டியில் பாதிக்கு மேல் காலி, ஆனாலும் சுகந்தியால் உட்கார முடியவில்லை. கதவோரக் கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள், விரல்கள் கம்பியில் தாளம் போட்டன, வண்டியின் தடதடப்பு பாட்டின் வேகத்தைவிட ஒரு மயிரிழை குறைவு, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் போலிருந்தது. பதினொரு மணிக்குக் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு. பாட்டில் எல்லாம் இருந்தது. சரணம் இரண்டு, கோரஸ் ஒன்று, நடுவில் நௌஃபல் கிட்டாரோடு தனியாக அலைந்துவிட்டு வரக் கொஞ்சம் இடம். முடிவு மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக மூன்று பேர் ராக் குழுவாக மேடையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக முடித்திருக்கிறார்கள், சரியாகச் சொன்னால் முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஜான்சி டிரம்ஸை மொத்தமாகப் போட்டு நொறுக்குவாள், நௌஃபல் கிட்டாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி ஊளையிட வைப்பான், இவள் மைக்கை விட்டு நகர்ந்து சிரிப்பாள், கூட்டம் கத்தும், அந்தச் சத்தத்தில் முடிந்த மாதிரி ஆகிவிடும். ஒலிப்பதிவில் கூட்டம் கிடையாது. கடைசிச் சத்தம் எதுவோ அது அப்படியே நின்றுவிடும். நீ எழுதின பாட்டு, நீயே முடி சுகு, ஞாயித்துக்கெழம வந்து சொல்லு, நாங்க வாசிக்கிறோம் என்று நௌஃபல் சொல்லி நாலு நாள் ஆயிற்று. தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பவர் பார்க்கிற வேலை. நாளெல்லாம் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா, அது தெளிவா என்று ஊரைக் கேட்கிறவளுக்குத் தன் பாட்டுக்கு எந்த வில்லையும் பொருந்தவில்லை.

கோரஸை மூன்று தடவை திருப்பிப் பாடி முடிக்கலாம். அதுதான் சுலபம், அதுதான் எல்லாரும் செய்வது, மூன்றாவது தடவை கேட்கிறவனுக்கே வரி மனப்பாடம் ஆகிவிடும், குளியலறையில் பாடுவான். சரி, மூன்றாவது தடவை அரை சுருதி ஏற்றினால்? ஏற்றிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே, வண்டலூர் மரங்கள் பச்சையாக ஓடின, தொண்டை கழுத்து நரம்பைப் பிடித்து இழுத்தது, முடியும், ஆனால் அது எதற்கு, மாடிக்கு ஏறி நின்று அதே வார்த்தையைக் கத்துகிற மாதிரி, கீழே கேட்காதது மேலே கேட்டுவிடுமா. அப்படியென்றால் மெல்லத் தேய்ந்து போகட்டும், பாடிக்கொண்டே இருக்க சத்தத்தை மட்டும் இறக்கிவிடுவது. சே, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகிற விருந்தாளி மாதிரி. டக்கென்று நிறுத்தினால்? பாதி வார்த்தையில்? பெருங்களத்தூரில் வண்டி டக்கென்று நின்றது, எல்லாரும் முன்னால் சாய்ந்து பின்னால் சாய்ந்தார்கள், அந்தச் சாய்வு நன்றாக இருந்தது, உடம்பு இன்னும் போய்க்கொண்டிருக்க வண்டி மட்டும் நின்றுபோன அந்த ஒரு நொடி, அதைப் பாட்டில் பிடிக்க முடியுமா, முடியும் முடியும், எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, மயக்கம் வருதா? ஒக்காரேன்." "இல்லக்கா, பாட்டு யோசிக்கிறேன்." "ஓ," என்றாள் பூக்காரம்மாள், இதையும் நாலு பேர் செய்வார்கள் போலிருக்கிறது என்கிற முகத்தோடு, மறுபடி மல்லியை எண்ணி எண்ணிக் கட்டினாள். பல்லவி என்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம் ஊர்ப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், எங்கே சுற்றினாலும் அங்கேதான் திரும்பி வரவேண்டும், திரும்பி வந்தால் முடிந்தது. ராக் பாட்டில் அப்படி இல்லை, கோரஸ் காத்திருக்கும், சரணம் ஏணி போட்டு ஏணி போட்டுப் போய் அதைத் தொடவேண்டும், தொட்டவுடன் வெடிக்கவேண்டும். இவள் பாட்டு வெடித்தது. அதில் சந்தேகமே இல்லை. வெடித்ததுதான் இப்போது உறுத்தியது.

ஏனென்றால் வெடித்தது கோரஸின் அந்த இடம்தான். சொ சொ சொ சொல்லி முடிக்க விடு. பல்லாவரத்து ஷெட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தொண்டை வறண்டு, சொல்லி என்கிற வார்த்தை சொ-வில் ஒருமுறை வழுக்கியது, அவ்வளவுதான், நௌஃபல் துள்ளிவிட்டான், அப்படியே வெச்சுக்கோ, நாலு தடவ வழுக்கு என்றான், ஒவ்வொரு சொ-வுக்கும் கிட்டாரை ஒரு வெட்டு வெட்டினான், ஜான்சி அதன்மேல் காலால் உதைத்தாள், மூன்று பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கணமே சுகந்திக்குத் தெரியும் அது யாருடைய சொ என்று. சொல்லவில்லை. பாட்டு டெலிபோன் லைன்மேன் ஒருவரைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரியும், லைன்மேன் அவள் அப்பா என்றும் தெரியும். ஊருக்கெல்லாம் லைனக் குடுத்த, உன் வார்த்தைக்கு லைனு இல்ல என்று முதல் சரணம் போகும். யாரும் பேச விடாத மனுஷன், அந்தக் கோபம், எல்லாருக்கும் இருக்கிற கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா ஏகாம்பரம் திக்குவார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொ-வில் திக்குவார், க-வில் திக்குவார், எல்லாவற்றையும்விட சு-வில். மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை மகள் பேர் என்ன என்று கேட்க, அவர் சு, சு என்று நின்றுவிட்டார், தாடை இறுகிக் கண் மூடிக்கொண்டது, சுவரில் கடிகாரம் ஓடியது, ஒன்பது வயதுச் சுகந்தி தன் பெயரைத் தானே பளிச்சென்று சொல்லிவிட்டாள். ஸ்மார்ட்டான பொண்ணு என்றார் தலைமையாசிரியை. அப்பாவின் வாய் மூடிக்கொண்டது, வழியெல்லாம் மூடியேதான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம். கடையில், பேங்கில், பஸ்ஸில், அவர் வாயைத் திறந்தால் இவள் முடித்து வைப்பாள், இவள் இல்லாவிட்டால் அம்மா, அம்மாவும் இல்லாவிட்டால் கேட்டவனே முடித்து வைப்பான், ஊரே சேர்ந்து அவருக்கு வாக்கியம் முடித்துக் கொடுத்தது. பாடினால் திக்காது என்பார்கள். அப்பா பாடியதே இல்லை. போன மாசம் ஒரு கல்லூரி விழாவில் தொள்ளாயிரம் பிள்ளைகள் கையைத் தூக்கி சொ சொ சொ என்று கத்தினார்கள், நிலம் அதிர்ந்தது, அவளுக்கு ஆனந்தத்தில் கால் தரையில் பாவவில்லை, அதே நேரம் முதுகுத்தண்டில் ஈரமாக ஏதோ இறங்கியது. யாரோ படம் எடுத்துப் போட்ட அந்த அரை நிமிஷத்தை லட்சம் பேர் பார்த்தார்கள். மும்பையிலிருந்து ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பாட்டு வேண்டும், அந்த இடம் இரண்டு தடவையாவது வரவேண்டும், சீக்கிரமே வரவேண்டும் என்றார்கள்.

திரிசூலம் தாண்டும்போது போன் அதிர்ந்தது. அப்பா. அவளுக்குத் திக்கென்றது, டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தும் அவர் போனைக் கையால் தொட விரும்பாதவர், அம்மா வாலாஜாபாத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வீட்டில் தனியாக இருக்கிறார், விழுந்திருப்பாரோ. "சொல்லுப்பா." மறுமுனையில் மூச்சு மட்டும். பிறகு, "அம்மாடி..." அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், உயிரெழுத்தில் தொடங்கினால் கொஞ்சம் வழி விடும். "மோ..." மோட்டர், அவளுக்குத் தெரிந்துவிட்டது, மோட்டர் தண்ணி ஏத்தல, நேற்றே இழுத்து இழுத்துத்தான் ஓடியது, எலெக்ட்ரீஷியன் கன்னியப்பன் நம்பர் வேண்டும், இவ்வளவும் நாக்கு நுனியில் வந்து நின்றது, மோட்டராப்பா என்று கேட்டால் ஆமா என்பார், ஐந்து நொடியில் முடிந்துவிடும், மறுபடி பாட்டுக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காக வயிறு தெரியத் தாழ்ந்து போயிற்று, பெட்டி முழுக்க இரைச்சல், அவள் பேசினாலும் கேட்காது, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு சும்மா நின்றாள். இரைச்சல் அடங்கியபோதும் அவர் மோ-விலேயே இருந்தார். அவள் இன்னும் சும்மா நின்றாள். வேண்டுமென்று இல்லை, வாய் வரவில்லை. "...மோட்டர் தண்ணி ஏத்தல. கன்னியப்பன் நம்பர் அ...அனுப்பு." "அனுப்புறேன்பா." இந்த இடத்தில்தான் எப்போதும் சரிப்பா வெச்சுடறேன் என்று சொல்லுவாள். பழவந்தாங்கல் பிளாட்பாரம் வந்து நின்றது, போயிற்று. சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அவரும் வைக்கவில்லை, இருவரும் ஒரு கம்பியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

"மேல் வீட்டம்மா கா...காட்டினாங்க," என்றார். "போன்ல. நீ பாடினத." சுகந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எல்லாரும் சேந்து... சொ... சொ... சொ..." பாடிக் காட்டுகிறாரா, மாட்டிக்கொண்டாரா, அவளுக்குத் தெரியவில்லை, முப்பத்தொரு வருஷமாக அவர் குரலைக் கேட்கிறவளுக்கு எது பாட்டு எது அப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "...சொன்னாங்க," என்று முடித்தார். "ந...நல்லாத்தான் இருந்துச்சு." "அப்பா, உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" "மொ...மொதல்ல." பரங்கிமலையில் கூட்டம் ஏறியது, யாரோ அவள் காலை மிதித்தார்கள், அவள் நகரவில்லை. "ஆனா அம்மாடி, அது அ...அப்படி இல்ல. நான் சொ சொ-ங்கிறது எனக்குக் கேக்காது. உங்களுக்குத்தான் கேக்கும். எனக்கு... க... கதவு தொறக்காது, அவ்ளோதான். சத்தமே இருக்காது." பிறகு, "தொட்டியில தண்ணி இல்ல, நம்பர் அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

நம்பரை அனுப்பினாள். கிண்டி. சத்தமே இருக்காது. அழ வேண்டுமா, அழுகை வரவில்லை, வந்தது வேறு ஏதோ, அடிவயிற்றிலிருந்து குமிழி குமிழியாக, சத்தமே இருக்காது, அப்படியென்றால் இரண்டு வருஷமாக நான் பாடியது அப்பாவை இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை, கடைக்காரனை, தலைமையாசிரியையை, என்னை. கேட்கிறவர்களுக்குத்தான் சொ சொ. உள்ளே கதவு. உள்ளே ஒன்றுமில்லை, சும்மா நிற்பது. அப்போது சொ சொ சொ-வை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும், ஒன்றும் வராது, அதுதான், ஒன்றுமே வராது, சொல்லி என்று பாடிவிட்டு நின்றுவிடவேண்டும், எல்லாரும் முன்னால் சாயட்டும். இரு இரு இரு. அதை எத்தனை தடவை. சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி ஏறியது, அடையாறு கறுப்பாக மினுங்கியது. இப்படி: முதல் சரணம் முடிந்து சொல்லி என்கிறேன், அடுத்த வார்த்தை வருவதற்குள் ஜான்சி அடித்து விழுந்து இரண்டாவது சரணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். கோரஸ் வரவேயில்லை. கேட்கிறவனுக்கு ஏமாற்றம், இருக்கட்டும், அப்பாவுக்கு அறுபத்திரண்டு வருஷமாக அதே ஏமாற்றம்தான். இரண்டாவது சரணம் முடிந்து மறுபடி சொல்லி, இந்தத் தடவை நௌஃபலின் கிட்டார் வாயைப் பிடுங்கிக்கொண்டு தன் கதையைப் பேசப் போய்விடுகிறது, பேசட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், பேசித் தீர்ந்து திரும்பி வரும்போது மூன்றாவது தடவை சொல்லி. இப்போது யாரும் பிடுங்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. எல்லாரும் நிற்கிறார்கள். கதவு திறக்கும்வரை. பிறகு முடிக்க விடு. தனியாக. ஒரே ஒரு தடவை. பாட்டு மொத்தத்துக்கும் கோரஸ் ஒரே தடவை, அதுவும் கடைசியில், அதுவே முடிவு. ஐயோ அதுவே முடிவு. நாலு நாளாகக் கடைசிக் கோரஸுக்கு அப்புறம் என்ன என்று தேடிக்கொண்டிருந்தாளே, அப்புறம் ஒன்றுமில்லை, முன்னாலிருந்த கோரஸையெல்லாம் எடுத்துவிட்டால் போதும். சிரித்துவிட்டாள், வாய்விட்டு. பூக்காரம்மாள் மாம்பலத்தில் இறங்க எழுந்தவள், "பாட்டு கெடச்சிடுச்சா?" என்றாள். "கெடச்சிடுச்சுக்கா." இறங்குவதற்குள் ஒரு முழம் மல்லியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஆனால் கம்பெனி. இரண்டு தடவை வேண்டும் என்றார்களே, சீக்கிரம் வேண்டும் என்றார்களே, நௌஃபல் அந்த நம்பிக்கையில் வேலையை விட்டுவிட்டானே. சிரிப்பு பாதியில் வற்றியது. கோடம்பாக்கம் படிக்கட்டை இரண்டிரண்டாக ஏறினாள், பயமும் குஷியும் ஒரே மூச்சாக இரைத்தன.

"இல்ல சுகு," என்றான் நௌஃபல், அவள் சொல்லி முடித்ததும். ஒலிப்பதிவு அறையில் கிட்டார் கழுத்தைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "அந்த எடத்துக்காகத்தான் அவங்க கேக்கறாங்க. அத எடுத்துட்டா பாட்டுல என்ன இருக்கு?" ஜான்சி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, "கோரஸ் மூணரை நிமிஷம் கழிச்சு வந்தா எவன் காத்திருப்பான்?" என்றாள், கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள. ஏசியின் குளிர் சுகந்தியின் வியர்வையில் பட்டுச் சிலிர்த்தது. மும்பைக்காரர்கள், லட்சம் பேர், தொள்ளாயிரம் கைகள், எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றன. பழைய மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம், அப்பாவே நல்லாத்தான் இருந்துச்சு என்றாரே, அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை யார் கேட்டார்கள். "அது எங்கப்பா," என்றாள். "எங்கப்பாவுக்குத் திக்கும். அந்த சொ சொ அவரோடது. நான் உங்ககிட்ட சொல்லல. இன்னைக்கு அவரு அந்த வீடியோவப் பத்திப் பேசினாரு." நௌஃபல் அவளைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான், ஒவ்வொரு சொ-வுக்கும் ஒரு வெட்டு வெட்டிய கை. "என்ன சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜான்சி. "அவருக்கு உள்ள சத்தமே இருக்காதாம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் தணிகைவேல், "ஆரம்பிக்கலாமா, ரெண்டு மணிக்கு வேற ஆளு வராங்க," என்று ஸ்பீக்கரில் கேட்டார். நௌஃபல் நிமிரவில்லை. "ஒருவாட்டி வாசிச்சுப் பாப்போம்," என்றான். "புடிக்கலன்னா பழசுதான், சொல்லிட்டேன்."

முதல் சரணம் ரயிலின் வேகத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாகக் கிளம்பியது. ஊருக்கெல்லாம் லைனக் குடுத்த. ஹெட்போனுக்குள் அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, பக்கத்தில், ஈரமாகக் கேட்டது. சொல்லி, என்றாள்; ஜான்சி மேலே விழுந்து அடித்து இழுத்துக்கொண்டு போனாள், அந்த இழுப்பில் சுகந்திக்கு உண்மையாகவே கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு இரண்டாவது சரணத்தைப் பாடினாள். சொல்லி, நௌஃபல் பிடுங்கிக்கொண்டான். என்றைக்கும் வாசிக்காத மாதிரி வாசித்தான், அலட்சியமாக, அடுத்தவனைப் பேசவிடாத ஒரு கெட்டிக்காரன் மாதிரி, நீளமாக, நீளமாக, பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் போய் ஒவ்வொரு சுரமாக இறங்கி நின்றான். மூன்றாவது தடவை. சொல்லி. எல்லாம் நின்றது. நாலு எண்ணிவிட்டுப் பாடுவதென்று வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, வாயைத் திறந்தாள், வரவில்லை. எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, இனி எண்ண முடியாது. இப்படித்தானா. தாடை இறுகியது, கண் தானாக மூடிக்கொண்டது, சுற்றிலும் ஒரு அறை நிறையப் பேர் தன் வாயையே பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, பத்து நொடியா ஒரு நிமிஷமா, யாராவது ஏதாவது செய்தால் தேவலை, யாரும் ஒன்றும் செய்துவிடக் கூடாது. கண்ணைத் திறந்தாள். பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தணிகைவேல் பேசுகிற பொத்தானுக்குக் கையை நீட்டியிருந்தார். நௌஃபல் அவரைப் பார்த்துத் தலையசைத்தான், வேண்டாம் என்று, கிட்டார் கம்பிகள் ஒன்றுகூட அதிராதபடி முழு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. தணிகைவேலின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர்கள் காத்திருந்தார்கள். பயம் அவளைவிட்டு வடிந்துபோய் அந்த இடத்தில் ஒரு பெரிய சந்தோஷம் வந்து நிறைந்தது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். கதவு எங்கேயோ லேசாக நகர்ந்தது. முடிக்க விடு, என்று பாடினாள், சாதாரணமாக, மோட்டர் தண்ணி ஏத்தல என்று சொல்லுகிற மாதிரி. ஜான்சியின் குச்சிகள் இரண்டும் மேலேயே இருந்தன. அவள் அடிக்கவில்லை.